ஒரு வார்த்தை கேட்டார்களா?

"முதல்ல யார் யார் இருக்கோம்னு குறிச்சுக்கறேன். ஜன்னல் பக்கம் மாப்பிள்ளை. அவருக்கு எதிரே நீ. மேசைக் கோடியில நான்."

"அம்மாவை விட்டுட்டீங்களேப்பா" என்றாள் மகள்.

"சரி, உங்கம்மாவையும் போட்டுக்கறேன். ஃப்ரிட்ஜ் ஓரம், பட்டாணி உரிச்சுக்கிட்டு."

குடிநீர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டில் குழாய் ஒழுகினால்கூட நாள், கிழமை போட்டு எழுதி வைத்துவிட்டுத்தான் ஆளைக் கூப்பிடுவார். இன்று விஷயம் அதைவிடப் பெரியது. மேசை நடுவே, குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது போல, ஒரு செல்போன் கிடந்தது.

"முந்தாநாள் அப்டேட் வந்தது. நேத்துக் காலையில குரல் மாறியிருக்கு. கேட்டதும் வீட்டுக்குள்ள எவளோ நுழைஞ்சுட்டான்னு நினைச்சு டம்ளரைக் கீழே போட்டுட்டேன். எழுதினதைப் படிச்சுக் காட்டற செயலி, அதுக்கு ஒரு கௌரவம் வேண்டாமா? பழைய குரல் எவ்வளவு நிதானம். இது துணிக்கடை விளம்பரத்துக்குப் பேசற பொண்ணு மாதிரி இழுக்குது."

"எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் மாமா" என்றார் மாப்பிள்ளை. "நல்லா ஓடிட்டு இருக்கறதைக் கெடுத்துட்டு, அதுக்குப் பேரு அப்டேட்டும்பாங்க. என் போன்ல கேமரா பட்டனை நகர்த்திட்டாங்க. குழந்தையைப் படம் எடுக்கப் போனா டார்ச் எரியுது."

"என்னோடதுல மழை வருமான்னு பார்த்தா, செருப்பு வேணுமான்னு கேக்குது" என்றாள் மகள்.

"செருப்பு வேணும்தான், அவங்களைச் சாத்தறதுக்கு" என்றார் அவர். "நேத்துப் பூரா அவங்க உதவி மையத்தோட மல்லுக்கட்டினேன். பேசறது மனுஷனே இல்ல, மிஷின். 'உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம்'ங்குது. கடைசியில, எங்க சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீங்கன்னு கேக்குது. வானத்துல இருக்கறதை எல்லாம் எடுத்துக்கோ, பழைய குரலைக் குடுன்னு எழுதினேன். 'நன்றி, இனிய நாளாக அமையட்டும்'னுடுச்சு."

அவர் மனைவி பட்டாணித் தோலைக் கீழே போட்டுவிட்டுப் போனை எடுக்கக் கை நீட்டினார்.

"கை வைக்காதே. அது சாட்சி" என்று அவர் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒரு குரலுக்கு இவ்வளவா மாமா?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க மாப்பிள்ளை? இருந்த குரல் அத்தனையையும் ஒண்ணொண்ணாக் கேட்டுப் பொறுக்கி எடுத்தவன் நான். அது இல்லாம இது என் வீடு மாதிரியே இல்ல. திரும்பக் கிடைக்கற வரைக்கும் விடப் போறதில்ல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கோடு போட்ட தாளை எடுத்து, பொருள்: 'முன்னறிவிப்பின்றிக் குரல் மாற்றியமை குறித்து' என்று தொடங்கினார்.

"ஈமெயில் அனுப்பினா போதாதாப்பா?"

"ஈமெயிலை ஒரு தட்டுல அழிச்சிடுவான். காகிதத்தைக் கிழிக்கறதுக்காவது அவன் கையைத் தூக்கணும்."

பேனா நிற்காமல் ஓடியது. மாப்பிள்ளை 'அராஜகம்' என்ற சொல்லை எடுத்துக் கொடுத்தார். மகள் 'வன்மையாக' என்று சேர்க்கச் சொன்னாள். முடித்ததும் தாளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து உரக்கப் படித்தார்:

"'பயன்படுத்துகிறவரை ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவருக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்பதை நீங்களே உட்கார்ந்து முடிவு செய்வது எந்த ஊர் நியாயம்? உங்கள் வசதிக்கு ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டு, அவர் சும்மா இருப்பதாலேயே சம்மதம் என்று எடுத்துக்கொள்வீர்களா?'"

"இந்த இடம் நறுக்குன்னு இருக்குப்பா."

மனைவி மேசையை விரலால் தட்டினார். யாரும் திரும்பாததால் பட்டாணிக் கிண்ணத்தால் ஓங்கித் தட்டினார். நாலு பட்டாணி உருண்டு கடிதத்தின் மேல் ஏறியது.

"அத்தை என்னவோ சொல்லணும்னு பார்க்கறாங்க மாமா."

"அவ கட்சியும் நம்ம கட்சிதான் மாப்பிள்ளை. என்னைவிட அவளுக்குத்தான் கோபம் ஜாஸ்தி, பார்த்தீங்கல்ல கிண்ணத்தை?" பட்டாணியைப் பொறுக்கி மனைவியின் கையில் கொடுத்தார். "கொஞ்சம் இரும்மா. தபால் கட்டு எடுக்கற நேரம் தாண்டிடும்."

அந்த அம்மாள் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அவர் கையெழுத்துப் போட்டார். தாளை மூன்றாக மடித்து, ஓரத்தை மர அளவுகோலால் தேய்த்து, உறைக்குள் நுழைத்துப் பசை தடவினார். பசை காயும்வரை அதன்மேல் அகராதியைத் தூக்கி வைத்தார். அஞ்சல் தலையை நேராக ஒட்டி மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"தபால் ஆபீஸ்லயே குடுத்துடுங்க. தெருமுனைப் பெட்டியை நம்ப முடியாது."

மாப்பிள்ளை உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினார். வாசலில் வண்டிச் சத்தம் எழுந்து, தெரு திரும்பி, தேய்ந்து போனது.

சாட்சிக்கு இனி வேலையில்லை. நல்ல காரியம் முடித்த நிம்மதியுடன் அவர் போனை மனைவி பக்கம் நகர்த்தினார். அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டினார்; தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரல் போனதிலிருந்து அவர் பேச்செல்லாம் அப்படித்தான்.

அத்தனை பேரும் திட்டித் தீர்த்த அந்தப் புதுக்குரல் போனிலிருந்து தெளிவாகச் சொன்னது: "நீங்க பொறுக்கின குரல் எனக்கு ஒரு நாளும் பிடிச்சதில்லைங்க. நேத்து நான்தான் மாத்தினேன்."