சாக்கில் இரண்டு ஓட்டை

அரிசிச் சாக்கோடு வாசலுக்குள் ஒரு கால் வைத்தவனின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தான் நித்தியானந்தன். சாக்கு விழுந்தது. பால் சுரக்கவென்று மனைவி பாமா கடைக்குப் போன் பண்ணிச் சொல்லியிருந்த உள்ளிப்பூண்டும் சுறாக் கருவாடும் நிலமெல்லாம் சிதறின.

கதவு அடித்துச் சாத்தப்பட்டது. பூட்டப்பட்டது.

"அண்ணை, நான் கடைச் சாமான் கொண்டு வந்தனான்..."

"நீ கடை வானால இறங்கேக்கையே ஜன்னலால கண்டிட்டன். வடிவாப் பார். என்னைத் தெரியுதோ?"

"நித்தி அண்ணை! எங்கட ஊர்..." அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. வருவதற்கு முன்பே அறை விழுந்தது. சுவரில் மோதிக் கீழே சரிந்தான்.

நாற்பது நாள் பிள்ளையைத் தோளில் போட்டபடி அறையிலிருந்து ஓடி வந்தாள் சத்தியபாமா. "ஐயோ, என்னப்பா இது? ஆர் இவர்?"

"வான்கார சிவமணி. ஊர்த் தலையாட்டி. வாசு அண்ணையைக் காட்டிக் குடுத்துக் கொல்ல வைச்சவன்."

பாமா பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

ஏழு வருடத்துக்கு முந்திய ஒரு மார்கழி விடியல். ஊர் ஆண்களை எல்லாம் துப்பாக்கி முனையில் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தது ஆமி. தலை முதல் கால்வரை சாக்கு மூடிய ஓர் உருவத்தைக் கொண்டு வந்தார்கள். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அது யாரைப் பார்த்துத் தலையை ஆட்டியதோ, அவர் லொறியில் ஏற்றப்பட்டார். நித்தியானந்தனின் அண்ணன் வாசுதேவனைப் பார்த்து ஆட்டியது. பிணம்கூடத் திரும்பி வரவில்லை.

"அடுத்த நாளே ஊரை விட்டு ஓடினவன் நீதானேடா? வேறை ஆர் ஓடினவை?"

"அடுத்த முறை எனக்கு ஆட்டுவினம் எண்ட பயத்தில ஓடினனான். சத்தியமா அண்ணை, நானும் அந்த வரிசையிலதான் நிண்டனான்!"

"ஆர் கண்டது?"

ஒரு உதை. விலா எலும்பில் பட்ட சத்தம் பாமாவுக்கே கேட்டது.

குசினிக்குள் போன நித்தியானந்தன் கத்தியோடு வந்தான். சாக்கின் வாயை அறுத்து அரிசியை நிலத்தில் கொட்டினான். வெறுஞ்சாக்கில் இரண்டு குத்துக் குத்தி ஓட்டை போட்டான்.

"போடு இதை."

"அண்ணை, எனக்கும் ரெண்டு பிள்ளையள் இருக்கு..."

"போடடா!"

"இஞ்சருங்கோ, வேண்டாமப்பா," என்றாள் பாமா. "அவரைப் போக விடுங்கோ."

"நீ வாயைப் பொத்து! உனக்கென்ன தெரியும்? நீ அண்டைக்கு மூத்தவளையும் தூக்கிக்கொண்டு கொம்மா வீட்டை போயிருந்தனீ. அவள் அப்ப கைப்பிள்ளை. அங்க நிண்டவனுக்குத்தான் தெரியும் அது."

சிவமணியின் தலையில் சாக்கு ஏறியது. ஓட்டை வழியே ஒரு கண் உருண்டது. அந்தக் கண்ணுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் கத்தி நுனி நின்றது.

"இப்பிடித்தான் எனக்கு முன்னாலயும் வந்து நிண்டனீ. கனநேரம் நிண்டனீ. நெஞ்சுப் பக்கம் சாக்கு ஊறிப் போயிருந்தது. அந்த மார்கழிப் பனிக்குள்ள மனிசருக்கு வேர்க்குமோ? ஊரைக் காட்டிக் குடுக்கிறவனுக்குத்தான் வேர்க்கும். இந்தா, இப்பவும் வேர்க்குது பார்!"

வெளியே, அவர்கள் நாடு விட்டு வந்து குடியேறிய செவன் ஹில்ஸில், வெயில் நாற்பது பாகையைத் தாண்டியிருந்தது. சிவமணியின் சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

சாக்குக்குள்ளிருந்து அழுகையோடு குரல் வந்தது. "நான் எண்டால் உங்களை ஏன் விட்டனான்? அதுக்கு முதல் கிழமைதானே சந்தியில வைச்சு என்னைச் செருப்பால அடிச்சனீங்கள்? உங்களைப் பாத்தெல்லோ முதல் ஆட்டியிருப்பன்!"

கத்தி ஒரு கணம் தயங்கியது. பிறகு இறங்கியது. தோளில் ஏறி, சாக்கோடு சேர்த்துக் கிழித்துக்கொண்டு வந்தது. அரிசியில் இரத்தம் சொட்டியது.

சிவமணி அலறிய அலறலில் பிள்ளை திடுக்கிட்டு வீறிட்டது. தாயின் நெஞ்சில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கத்தியது. பாமா அசையவில்லை.

"பிள்ளைக்குப் பாலைக் குடன்! மரம் மாதிரி நிக்கிறாய்!" திரும்பிக் கத்திய நித்தியானந்தன் அப்படியே நிறுத்தினான்.

பிள்ளை அழ அழ, பாமாவின் சட்டையில் நெஞ்சுப் பக்கம் இரண்டு இடத்தில் ஈரம் ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.

அவன் பார்த்த இடத்தை அவளும் குனிந்து பார்த்தாள். மறைக்கவில்லை.

"அம்மா வீட்டை போற வழியில மூத்தவளை ஆமிக்காரன் பறிச்சு வைச்சிருந்தவன்," என்றாள். "உன்ர வீட்டு ஆம்பிளையில ஒருத்தனையாவது காட்டு, இல்லாட்டில் பிள்ளை இல்லை எண்டவன்."

"எப்ப?" நித்தியானந்தனின் கத்தி தாழ்ந்தது. "ஆருக்கு... ஆருக்குச் சொன்னவன்?"

"அவற்ற தலையில இருந்து சாக்கைக் கழட்டுங்கோ," என்றாள் பாமா. "அண்டைக்கு அதுக்குள்ள நிண்டது நான்."