உச்சந்தலை

லிஃப்ட் மெக்கானிக் குளியலறைக் கண்ணாடி முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, முடி முளைக்கும் மருந்தைச் சொட்டுக்குழாயில் எடுத்து உச்சந்தலையில் சொட்டுச் சொட்டாக விட்டான்.

காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து வந்ததும் ஒரு தடவை. விரல் நுனியால் பரப்பிவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, மருந்து காயும்வரை எதிலும் சாயாமல் இருக்க வேண்டும். நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் குனிந்து நிமிர்ந்து கிரீஸ் போட்டுவிட்டு வந்தவனுக்கு, சாயாமல் இருப்பதைப்போல ஒரு தண்டனை இல்லை.

“தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சியாச்சா?” என்று மனைவி அடுப்படியிலிருந்து அவன் தலையைக் கிண்டலடித்துக் கேட்டாள்.

அவன் கையில் சோப்பைத் தேய்த்தான்.

வேலையிடத்திலும் இதே கதைதான். ஹெல்மெட்டைக் கழற்றினால் போதும், எல்லார் கண்ணும் அவன் தலைக்குத்தான் போகும். ஐம்பதை எட்டப்போகிற வயதில் மாப்பிள்ளை ஆசை என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அழகாக வேண்டும் என்றெல்லாம் அவனுக்கு இல்லை. அம்மாவுக்குத் தன்னை அடையாளம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. காதும் மந்தம். நினைவு இரண்டுக்கும் முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டது. பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் கையை நீட்டித் தலையைத் தடவித்தான் ஆளைக் கண்டுபிடிப்பாள். கொண்டை தட்டுப்பட்டால் மருமகள். குட்டை முடி என்றால் பேத்தி. வழவழவென்று இருந்தால் அது அப்பா.

அப்பா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. ஆரம்பத்தில் ஒரு தடவை அதை எடுத்துச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் நடந்ததுபோல அம்மா அழுது தீர்த்தாள். மறுநாள் எல்லாம் மறந்து, அவர் எங்கே என்று கேட்டாள். அதற்கப்புறம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

அவனுக்கு வாய்த்ததும் அப்பாவின் தலையேதான். காதுக்கு மேலே ஒரு வேலி, நடுவில் பொட்டல். சாயங்காலம் அவன் கட்டிலில் போய் உட்கார்ந்ததும் அம்மா தடவிப் பார்ப்பாள். முகம் மலர்ந்துவிடும்.

“ஏங்க, வந்துட்டீங்களா?”

கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் புலம்பல் தொடங்கிவிடும். “உங்க பிள்ளைக்கு மனசே கிடையாதுங்க. எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்கிறான்.”

அவளுக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டே, தன்னைப் பற்றிய புகாரையெல்லாம் அவனே உட்கார்ந்து கேட்க வேண்டும். நான்தாம்மா அது என்று எத்தனையோ நாள் கத்திப் பார்த்தான். குரலும் அப்பாவின் குரலாகவே இருந்து தொலைத்தது.

அதனால்தான் மருந்து.

முதலில், இருந்த முடியும் கொட்டியது. காலையில் தலையணை உறையை வெளியே கொண்டுபோய் உதறினான். அப்படித்தான் கொட்டும், பிறகு முளைக்கும், ஆனால் மருந்தை நிறுத்தினால் முளைத்ததும் போய்விடும் என்று தோல் டாக்டர் சொல்லியிருந்தார். தலை அரித்தது. செதில் செதிலாக உதிர்ந்தது. போதும் என்று பாட்டிலை மூடி வைத்த நாட்கள் உண்டு. அன்றைக்குப் பார்த்து அம்மா பிள்ளையைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை கூடுதலாகச் சொல்வாள். மறுபடி திறப்பான்.

இப்போது உச்சியில் பூனைமுடிபோல ஏதோ வந்திருந்தது. பார்த்தால் தெரியாது. தடவினால் தெரியும்.

மருந்து காய்ந்தது. அவன் போய்க் கட்டிலில் உட்கார்ந்தான்.

அம்மாவின் கை வழக்கம்போல நெற்றியில் தொடங்கி மேலே ஏறியது. உச்சியில் நின்றது. திரும்பி வந்து இன்னொரு தடவை தடவியது.

“டேய் கண்ணு,” என்றாள். “இப்பத்தான் உனக்கு வழி தெரிஞ்சுதா?”

அவன் மூக்கை உறிஞ்சினான். அம்மா கன்னத்தைத் தடவி, இளைத்துவிட்டான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இத்தனை நாள் அலுப்பும் அந்தக் கைக்கு அடியில் கரைந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம்தான்.

அம்மா வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அவன் கன்னத்திலிருந்து கை இறங்கி, கட்டிலில் காலியாக இருந்த இடத்தைத் துழாவியது.

“அப்பா எங்கடா? இந்நேரத்துக்கு வந்து பக்கத்துல உக்காந்துடுவாரே. எம்மேல ஏதும் கோவமா?”

அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது கட்டிலின் விளிம்புவரை போய், ஒன்றும் அகப்படாமல் திரும்பி வந்தது. மறுபடியும் போனது.

“முடி வெட்டிக்கப் போயிருக்காரும்மா,” என்று அவள் காதருகே குனிந்து சொன்னான். “இதோ வந்துடுவாரு.”

அம்மா சிரித்துவிட்டாள். “அந்தத் தலையில வெட்டறதுக்கு என்ன இருக்காம்?”

அவன் எழுந்து குளியலறைக்குப் போனான். மருந்து பாட்டிலை அலமாரியின் கோடிக்குத் தள்ளிவிட்டு, சவர நுரையை உள்ளங்கை நிறைய எடுத்து உச்சந்தலையில் தடவினான்.