பதிமூன்றரை அங்குலம்

கடைக்காரர் வயதைக் கேட்கவில்லை. கால் அளவைக் கேட்டார்.

"உள்பக்கமா, தொடைக்கு மேலேர்ந்து குதிகால் வரைக்கும். எல்லாரும் வயசத்தான் சொல்வாங்க. வயசா சைக்கிள் ஓட்டப்போவுது?"

"பதிமூணரை இன்ச்."

அவள் சொன்ன வேகத்தைப் பார்த்து அவர் நிமிர்ந்தார்.

அவள் தையல்காரி. அடுத்த தெருவில் தனியாகக் கடை வைத்திருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கதவைச் சாத்திவிட்டு, கழுத்தில் கிடந்த டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

பையனுக்கு ஐந்து கால்சட்டை தைத்திருக்கிறாள். ஆறாவது வெட்டியபடி மேசையில் கிடக்கிறது. கடைசியாக அளவெடுத்தபோது பதிமூன்றேகால். ஆறு வாரமாகிவிட்டது, இந்த வயதில் கால் சும்மா இருக்காது என்று கால் அங்குலம் கூட்டிச் சொன்னாள்.

பெடல் இல்லாத சைக்கிள்கள் மூன்று வகை இருந்தன. காலால் தரையை உந்தித் தள்ளி ஓட்டுபவை.

மரத்தில் செய்தது கண்ணுக்கு அழகாக இருந்தது. ஆனால் இருக்கை ஓரளவுக்குமேல் இறங்காது. உட்கார்ந்தால் நுனிவிரல்தான் எட்டும்.

அவனுக்குப் பாதம் முழுவதும் தரையில் பட வேண்டும். படாவிட்டால் பயந்துவிடுவான். பயந்தால் அழ மாட்டான், அப்படியே உறைந்து நின்றுவிடுவான். அழுதால்கூடச் சமாதானம் செய்துவிடலாம்.

இரண்டாவது இரும்பு. ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே கீழே வைத்தாள். கல்லுக்குண்டு கனம்.

மூன்றாவது நீல நிறம். காற்றடித்த டயர், குட்டிக் கைக்குள் அடங்கும் பிடி. அவள் தரையில் மண்டியிட்டு, இருக்கையை இறக்கச் சொல்லி, டேப்பை வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டரை. முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் சரி.

"எங்க வீட்டுக்காரிகூட இவ்வளவு பாத்து என்னைக் கட்டிக்கல," என்றார் கடைக்காரர்.

அவள் சிரித்தாள். சிரித்து நாளாகியிருந்ததால் சத்தம் கொஞ்சம் பிசிறடித்தது.

கைப்பிடியிலிருந்த மணியை மட்டும் கழற்றிவிடச் சொன்னாள். திடீர்ச் சத்தம் அவனுக்கு ஆகாது.

"ஞாயித்துக்கிழமை பையனக் கூட்டிட்டு வாங்களேன். உக்கார வச்சுப் பாத்துட்டே எடுத்துக்கலாம்."

அவள் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். பார்சலில் அனுப்ப முடியுமா என்று கேட்டாள். பையிலிருந்து முகவரிச் சீட்டை எடுத்து நீட்டினாள். ரயிலில் போனாலே ஒரு பகல் ஆகும் தூரம்.

அவர் வாசித்துவிட்டு, பலூன் படம் போட்ட வாழ்த்து அட்டை ஒன்றை எடுத்து வைத்தார். யார் பேரை எழுத?

"பெரியம்மான்னு எழுதுங்க."

"பெரியம்மாவா நீங்க? நான் அம்மான்னுல்ல நெனச்சேன்."

அவள் இரண்டுமில்லை.

உறவுக்காரர் யாராவது கிடைக்கும்வரை குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ள, குழந்தைகள் நல அலுவலகத்தில் பெயர் கொடுத்திருந்தவர்களில் அவளும் ஒருத்தி. ஒன்றரை மாதம் இருப்பான் என்று சொல்லித்தான் அவனைக் கொண்டுவந்து விட்டார்கள். பதினான்கு மாதம் இருந்தான்.

பிறகு, இறந்துபோன தாயின் அக்கா கிடைத்தாள்.

நல்ல மனுஷி. வந்ததும் குழந்தையைத் தொடுவதற்கு முன் கை கழுவினாள். தன்னிடம் பழகட்டும் என்று தையல்காரியின் வீட்டிலேயே நான்கு நாள் தங்கி, பாயில் படுத்துக்கொண்டாள். போகும்போது இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுததும் அந்தப் பெரியம்மாதான். தையல்காரி அழவில்லை. துணிகளை அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை போனில் பேசினாள். பேசியது அவள்தான், அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

போன வாரம் பெரியம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க குரலக் கேட்டா அன்னிக்குப் பூரா வாசல்லயே போய் நிக்கிறான். எங்கிட்ட ஒட்டவே மாட்டேங்கிறான். கொஞ்ச நாளைக்கு…"

அவளை முடிக்க விடவில்லை. "சரிங்க. நான் கூப்பிடல," என்று இவளே சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து கூப்பிடவில்லை.

கடைக்காரர் பேனாவைப் பிடித்தபடி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனோட பெரியம்மா அங்க இருக்காங்க. அவங்க வாங்கிக் குடுத்ததாவே இருக்கட்டும்," என்றாள்.

அவர் தன் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும் என்று சொல்லி அட்டையை அவளிடமே தள்ளினார்.

'அன்புடன், பெரியம்மா' என்று அவளே எழுதினாள். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. யாராவது வாசித்துக் காட்டுவார்கள்.

இன்னொரு தாள் கேட்டு வாங்கினாள். அது பெரியம்மாவுக்கு.

இரண்டு நாள் கூடத்தில் சும்மா நிறுத்திவையுங்கள், அவனாகவே வந்து தொடுவான் என்று எழுதினாள். முதுகுப் பக்கமாகப் பிடிக்க வேண்டாம், கூட நடந்தால் போதும் என்று எழுதினாள். யார் எழுதியது என்று போடவில்லை.

மடிக்கப் போனவள் மறுபடி விரித்தாள். பேனா முனை சற்று நேரம் தாளில் அப்படியே நின்றதில் மை ஒரு பொட்டாக ஊறியது.

அதற்குப் பக்கத்திலேயே எழுதினாள்:

'விழுந்தால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். இருந்த இடத்திலேயே உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டுங்கள். எழுந்து உங்களிடம்தான் வருவான்.'