கூர் ஏறாத கத்தி

கொள்ளுத்தாத்தாவின் சவரக் கத்தி கூர்மை பெற்ற பின்னரே தாடியை மழிப்பதென்று தலைமை எழுத்தர் சபதம் செய்திருந்தார். துரு அகன்றது, பிடி பளபளத்தது. கூர்மை மட்டும் மாதக்கணக்கில் ஏறவேயில்லை.

"நாளைக்குப் பொண்ணுக்குக் கல்யாணம். இந்தப் புதரோடதான் வந்து நிப்பீங்களா?" என்றாள் மனைவி.

"கலையை அவசரப்படுத்தாதே" என்றவாறு அவர் கத்தியைத் தோல்வாரில் உரசினார்.

"நீங்க தீட்டுற வேகத்துக்குப் பேரனுக்கே தாடி முளைச்சிடும்."

மைத்துனர் கத்தியை வாங்கித் தம் முன்கையில் ஓட்டினார். முடி மளமளவென்று உதிர்ந்தது. "அருமையா வெட்டுது மாப்ளே. உட்காருங்க, தண்ணி கொண்டாறேன்."

இருவரும் உள்ளே சென்றதும், தலைமை எழுத்தர் வழக்கம்போல் கத்தியின் விளிம்பைக் கண்ணாடித் தம்ளரின் வாயில் அழுத்தி இழுத்தார். கூர்மை தொலைந்தது.

"தம்ளரெல்லாம் எப்படிக் கீறலாச்சுன்னு இப்பதான் தெரியுது" என்றாள், சோப்போடு திரும்பிய மனைவி. "அண்ணா, உன் மெஷினை எடுத்துட்டு வா."

தாடி உதிர்ந்தது. தம் கல்யாணத்தன்று மணமேடையிலும் தாடியோடே அமர்ந்திருந்தவருக்கு, முகவாய் இருக்க வேண்டிய இடத்தில் கழுத்து தொடங்கியிருந்தது.

மனைவி நெடுநேரம் பார்த்தாள். பிறகு கத்தியை எடுத்து அவர் கையில் மரியாதையோடு வைத்தாள்.

"நீங்க தீட்டுங்க. அவசரமே இல்லை."