கூறுகெட்டவன் கிறுக்கிய உருண்டை

பழைய கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள் எதைக் காட்டினாலும் அவர் அதன் ஜாதகத்தையே புட்டுப் புட்டு வைத்துவிடுவார். போன வாரம் அக்கா கொடுத்தனுப்பிய கண்ணாடி உருண்டையை அவள் வீட்டுக்கே கொண்டுவந்து பெருமையாக நீட்டினார்.

"எழுபது வருஷத்துச் சரக்குக்கா. வாயால ஊதிச் செஞ்சது. மேல்மூடிகூட அசல். எவனோ கூறுகெட்டவன் நெயில் பாலிஷால கிறுக்கி வச்சிருந்தான். மூணு நாள் உட்கார்ந்து சுரண்டி எடுத்தேன்."

அக்காவின் முகம் செத்துவிட்டது. "எந்தக் காலத்துதுன்னுதானேடா கேட்டேன்?"

"பின்னால பூசினது இருந்தா மதிப்பே போச்சுக்கா."

பேச்சுக்குரல் கேட்டு, அம்மா சுவரைப் பிடித்தபடி வந்தாள். வருஷா வருஷம் மரத்தில் முதல் உருண்டையை மாட்டுவது அவள்தான். வாங்கி, விரல்களால் சுற்றிச் சுற்றித் தடவினாள்.

"இது நம்மளோடது இல்லப்பா. நம்மளோடதுன்னா கைக்குத் தட்டுப்படுமே."

"என்னம்மா தட்டுப்படும்?"

"மூணு வயசுல என் மடியில உட்கார்ந்து நீ போட்ட கிறுக்கல்தான். கண்ணு போனதுலேர்ந்து அதைத் தடவித்தானே நம்மளோடதை அடையாளம் கண்டுபிடிக்கிறேன்?"

அம்மா உருண்டையைப் பத்திரமாக அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"மாத்திக் கொண்டுவந்துட்ட போல. உரியவங்ககிட்ட சேர்த்துடு. பாவம், தேடுவாங்க."