குறைந்துபோன லித்தியம்

வேறு சாதியில் கல்யாணம் செய்ததற்காகப் பூரணியை வீட்டைவிட்டுத் துரத்தியவர் அவள் அப்பா சங்கரபாண்டியன். மறதிநோய் வந்ததும் மகளையும் அந்தக் கோபத்தையும் சேர்த்தே மறந்தார். மூன்று வருடமாக அவள்தான் ஊட்டிவிட்டாள். "யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இரும்மா" என்பார்.

மூளையில் குறைந்துபோன லித்தியம் என்ற தாதுவை நிரப்பி நினைவை மீட்கும் ஊசி வந்தபோது அவளே கையெழுத்துப் போட்டாள். ஒருமுறையாவது அப்பா தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும்.

ஆறாவது ஊசிக்கு மறுநாள், ஆஸ்பத்திரியில் இட்லி ஊட்டியவளை உற்றுப் பார்த்தார்.

"பூரணி?"

"ஆமாப்பா." அவள் கண் நிறைந்தது.

"உன்ன யாரு உள்ள விட்டா?"

தட்டை நர்ஸிடம் கொடுத்தாள். "சின்னச் சின்னதா பிச்சுக் குடுங்க சிஸ்டர், புரையேறும்."

வெளியே டாக்டர் சிரித்தபடி நின்றார். "நினைவு முழுசா வந்திருச்சும்மா. சந்தோஷந்தானே?"

பூரணி தலையாட்டினாள்.