முள்ளம்பன்றி ஏற்ற பொறுப்பு

அந்தக் காட்டில் எல்லோரும் தங்கள் தானியத்தில் ஒரு பங்கைப் பொதுக் கிடங்கில் போட்டுவைப்பார்கள். வெள்ளத்திலோ தீயிலோ வீடிழந்தவர்களுக்கு அதிலிருந்து கொடுப்பார்கள். நாற்பது ஆண்டுகள் கிடங்கை நடத்திய யானை, பொறுப்பை முள்ளம்பன்றியிடம் ஒப்படைத்தது.

"யானை இருந்த இடத்தில் முள்ளம்பன்றியா?" என்று பெருச்சாளி முகம் சுளித்தது. அன்றிரவு வீட்டுக்குப் போகாமல், மறுநாள் மதியம் தன் பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அதைப் பார்த்து மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். முள்ளம்பன்றி யாரையும் தடுக்கவில்லை.

அப்போது காகம் பறந்து வந்தது. "பெருச்சாளியண்ணே, ஆற்றங்கரை சரிந்து உங்கள் வளை போய்விட்டது. குடும்பம் தப்பிவிட்டது."

பெருச்சாளி யானையிடம் ஓடியது. "ஐயா, பங்கை எடுத்துவிட்டேன். எனக்குத் தானியம் கிடைக்க நீங்கள்தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்."

"இப்போது தலைவர் நானில்லை. அவரிடமே கேள்."

பெருச்சாளி திரும்பி வந்து கேட்டதும், முள்ளம்பன்றி காகத்தைப் பார்த்தது. "கரை எப்போது சரிந்தது?"

"இன்று விடியற்காலையில்."

"அப்போது பெருச்சாளியின் பங்கு கிடங்கில்தான் இருந்தது. புது வளை தோண்டி முடிக்கும்வரை அவர் குடும்பத்துக்குத் தானியம் கொடுங்கள்."

பெருச்சாளி வாங்கிய பங்கை மீண்டும் கிடங்கில் கொட்டியது. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குத் திரும்பினார்கள்.

யானை அன்று கிடங்குக் கவலை இல்லாமல் குளத்தில் வெகுநேரம் குளித்தது.